முத்திரைக்கு அப்பால் ஒரு முகம்

நாடிழந்தவருக்கு அவருடைய முகத்தைத் தருவது பெரும்பாலும் ஓர் அரசு அலுவலகமே. அட்டையில் ஒட்டிய சிறு புகைப்படம், ஓர் எண், ஒரு முத்திரை: இவ்வளவுதான் அவர் என்று உலகம் எண்ணிவிடுகின்றது.

தம் முகத்தைத் தாமே வரைந்து இதற்கு மறுமொழி கூறினார் பெலிக்ஸ் நுஸ்பாம் என்னும் யூத ஓவியர். 1904இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் பிறந்தவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது உரோமையில் இருந்தார். பின்னர் தாயகத்தில் வாழ அவர் திரும்பவேயில்லை. 1935இல் பெல்ஜியத்தில் அடைக்கலம் புகுந்தார். 1940இல் ஜெர்மானியப் படை அங்கு நுழையவே, பகை நாட்டவர் என்று பெல்ஜிய அதிகாரிகள் அவரைப் பிடித்துத் தென் பிரான்சிலிருந்த முகாமுக்கு அனுப்பினர். துரத்திய நாட்டின் பெயராலேயே புகலிடத்திலும் துன்புற்றார்! பின்னர் தப்பி, பிரஸ்ஸல்சில் மனைவியுடன் மறைந்து வாழ்ந்தார். 1941இல், வெளிநாடுகளில் வாழ்ந்த யூதர்களின் ஜெர்மானியக் குடியுரிமையும் பறிக்கப்பட்டது.

1943ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த தன்னுருவ ஓவியத்தை நோக்குந்தோறும் நம் நெஞ்சம் நடுங்குகின்றது. உயர்த்திவிட்ட கழுத்துப்பட்டி, மேலங்கியில் மஞ்சள் விண்மீன், கையில் 'யூதர்' என்று சிவப்பு முத்திரையிட்ட அடையாள அட்டை, பின்னே நெடிய மதில். அதற்கப்பால் கிளைகள் தறிக்கப்பட்ட ஒரு மரம்; அருகே பூத்து நிற்கும் ஒரு கிளை. அட்டையிலும் அவர் முகம் உண்டு. ஆயினும் அட்டைக்கு மேலிருந்து நம்மை நோக்கும் விழிகளை எந்த முத்திரையும் மறைக்கவில்லை.

1944இல் இருவரும் பிடிபட்டனர். ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 3இல் பிரஸ்ஸல்ஸ் விடுதலை பெற்றது. பிறந்த நகரமோ, 1998இல்தான் அவருடைய ஓவியங்களுக்கெனத் தனிக் காட்சியகம் திறந்தது.

ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பமே அகதிக் குடும்பங்கள் அனைத்திற்கும் முன்மாதிரி என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் உரைத்தார். அன்று சூசையப்பரிடம் எந்த அட்டை இருந்தது? மரியன்னையின் கையிலிருந்த குழந்தையை வரவேற்ற ஏதோவொரு வீடு அவர்கள் முகத்தைப் பார்த்தே கதவைத் திறந்திருக்க வேண்டும்.

எனவே, அன்புள்ள பெற்றோரே, செய்தித்தாளில் அகதிகளின் படத்தைக் காணும்போது பக்கத்தை உடனே புரட்டாதிருப்போம். கூட்டத்திலுள்ள ஒரு முகத்தையேனும் உற்று நோக்குவோம். நம் பிள்ளைகளுக்கும் காட்டுவோம். அன்றைய குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணிகளை அவருக்காக ஒப்புக்கொடுப்போம். இறைவன் தம் சாயலைப் பதித்த முகம் அது. நம் வாசலுக்கு அது வரும் நாளில், அடையாளம் கண்டுகொள்ள நம் கண்கள் பழகியிருக்கட்டும்.