மில்லர்ஸ் ரோட்டில் ஒரு சேலத்துக் கட்டடம்

எங்கள் தர்மபுரி மாவட்டக் கடத்தூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெற்றிலைச் சந்தை. அன்று சாயங்காலம் வெற்றிலைக் கட்டுகளோடு இன்னொரு கூட்டமும் ஊரைவிட்டுக் கிளம்பும்: முதுகில் லேப்டாப் பையோடு பெங்களூருக்குப் போகிற பிள்ளைகள். “கம்பெனிக்காரனுங்க எல்லாம் ஏன் அங்கயே போய்க் குவிஞ்சாங்க?” என்று கேட்டால் டீக்கடையில் பதில் தயாராக இருக்கும். “அங்க க்ளைமேட் நல்லாருக்கும்ணே.” குளிர்தான் காரணம் என்றால் கூகுளும் அமேசானும் ஏற்காட்டில் அல்லவா கடை போட்டிருக்க வேண்டும்! அந்தப் பதில் செரிக்காமல்தான் தேட ஆரம்பித்தேன். முதலில் போன வெளிநாட்டுக் கம்பெனி எது? எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்தது? ஏன் அங்கே?

பலரும் கைகாட்டுவது எலக்ட்ரானிக்ஸ் சிட்டியை. கர்நாடக அரசு 1976-ல் ‘கியோனிக்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தலைவர் ஆர்.கே. பாலிகா 1978-ல் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் மின்னணுத் தொழிலுக்கென்று ஒரு நகரத்தைத் திட்டமிட்டார். துணிச்சல்காரர்தான். ஆனால் நான் தேடிய ஆள் அங்கே இல்லை. இன்ஃபோசிஸும் இல்லை, அது 1981-ல் புனேயில் பிறந்து 1983-ல் பெங்களூருக்குக் குடிவந்த உள்நாட்டுக் கம்பெனி. வெளியிலிருந்து வந்து வடிவமைப்பு மையம் போட்ட முதல் பன்னாட்டு நிறுவனம், அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். வருடம் 1985.

அதைப் பற்றிப் படிக்கப் போனால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்து நிற்கும். டிஷ் ஆன்டெனா மாட்டுவண்டியில் வந்து இறங்கியது என்ற கதை பிரபலம். படம் என்று சிலர் நீட்டுவதோ வேறு வண்டி. அது 1981-ல் இஸ்ரோ தன் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோளை ஏற்றிய வண்டி. அங்கே மாட்டுவண்டி வந்தது ஏழ்மையால் அல்ல. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் உலோகம் இருக்கக் கூடாது. லாரி ஆகாது, மரவண்டி ஆகும். விஞ்ஞானிகள் யோசித்து எடுத்த முடிவை ‘பாவப்பட்ட இந்தியா’ என்று உலகம் பகிர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு அந்த டிஷ் எதற்கு? சிப் வடிவமைக்க உதவும் மென்பொருளை இங்கே எழுதி, செயற்கைக்கோள் வழியாகவே வெளிநாட்டுக்கு அனுப்பத்தான். அன்றைய சட்டத்தில் தனியார் ஒருவர் அப்படி ஒரு டிஷ் வைத்துக்கொள்ள முடியாது. சாதனத்தை அரசின் பொறுப்பில் விட்டு, இணைப்பைக் கம்பெனி பயன்படுத்துவது என்று வழி கண்டார்கள். அதற்கு முந்தைய வருடம், 1984 நவம்பரில், ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த கணினிக் கொள்கை கதவைக் கொஞ்சம் திறந்திருந்தது.

சரி, ஏன் பெங்களூரு? சிப் வடிவமைக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம். 1909-ல் மைசூர் சமஸ்தானம் கொடுத்த நிலத்தில் டாடாவின் இந்திய அறிவியல் கழகம். 1940-ல் விமானத் தொழிற்சாலை, 1948-ல் தொலைபேசித் தொழிற்சாலை, 1954-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ். 1975-ல் விண்ணுக்குப் போன ஆர்யபட்டா, பீன்யா தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில் உருவானது. மகாராஜாவும் மத்திய அரசும் எண்பது வருடம் போட்ட எருவில்தான் 1985-ல் அந்த அமெரிக்க விதை விழுந்தது. க்ளைமேட்டாம், க்ளைமேட்!

கடைசியில் கட்டடம். மில்லர்ஸ் ரோடு, சோனா டவர்ஸ். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோனா என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பொறியியல் படிக்கப் போகும் சேலம் கல்லூரிதானே? அதே சோனா. அந்தக் கல்லூரியை நடத்தும் வள்ளியப்பா குடும்பத்தின் கட்டடம்தான் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு முதலில் இடம் கொடுத்தது. பெங்களூரு பன்னாட்டுக் கம்பெனிகளின் ஊரானதற்கு முதல் வாடகைச் சீட்டு எழுதியது, பொம்மிடியில் ரயில் ஏறினால் அடுத்து வரும் பெரிய ஊரைச் சேர்ந்த ஜவுளித் தொழில் குடும்பம். இதை யாரும் கடத்தூரில் சொல்லி நான் கேட்டதில்லை.

இதோடு இன்னொன்றும் உறுத்துகிறது. 1971-ல் தொடங்கிய தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் ஒரு தொழில் வளாகத்தைப் போட்டது. அப்போது ஓசூர் எங்கள் தர்மபுரி மாவட்டம்! 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போயின. வெற்றிலை இந்தப் பக்கம் நின்றது. அந்த ஓசூருக்கு ஒரு காலத்தில் பக்கத்து மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாகக் குறுகிய பாதையில் ரயிலே ஓடியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதைப் பெயர்த்தெடுத்தார்கள். மொரப்பூர்–தர்மபுரி புதுப் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

2025 பிப்ரவரியில் கூகுள் பெங்களூரில் ‘அனந்தா’ வளாகத்தைத் திறந்தது. ஏறத்தாழ 16 லட்சம் சதுர அடி, 5,000 பேருக்கு மேல் உட்காரலாம். அதற்குச் சில மாதம் முன்பு, 2024 செப்டம்பரில், சேலம் கருப்பூரில் தமிழக அரசு ஐ.டி. கம்பெனிகளுக்கான மினி டைடல் பூங்காவைத் திறந்தது. சுமார் 55,000 சதுர அடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் வாடகைக் கட்டடத்தில்தான் தொடங்கியது. ஆனால் அது கொண்டுவந்தது வடிவமைப்பு வேலை. அதில் பழகிய பொறியாளர்கள்தான் பின்னால் வந்த கம்பெனிகளுக்கு ஆள்பலம் ஆனார்கள்.

ஆகவே கருப்பூர்ப் பூங்காவைப் பற்றி நம் எம்.எல்.ஏ.வையோ அமைச்சரையோ பார்த்தால், எத்தனை சதுர அடி, எத்தனை நாற்காலி என்று கேட்காதீர்கள். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள். போன் எடுத்துப் பதில் சொல்லும் வேலை மட்டும்தான் என்றால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் கூட்டம் குறையப் போவதில்லை.