மயானத்துக் குழாய்

தென்மேற்குப் பிரான்ஸில், கஸ்கோனி என்ற பழம்பெயர் வழங்கும் பிரதேசத்தில் உள்ள ஜெர்ஸ் ஜில்லாவில் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் அங்கே பகல் முழுவதும் சைக்கிள் மிதித்தவன் மாலையில் இறங்கும்போது அவன் கால்கள் மலையேறி வந்தவனுடைய கால்களைப் போலவே தளர்ந்திருக்கும். பிரனே மலையடிவாரத்து லான்மெஸான் மேட்டுநிலத்தில் பிறக்கும் சிற்றாறுகள் பலவும் விசிறியின் மடிப்புகளாகப் பிரிந்து வடக்கு நோக்கி ஓடுவதே இதற்குக் காரணம். ஆற்றின் போக்கிலே போகிறவனுக்குப் பாதை சுகமானது. குறுக்கே போகிறவனுக்கோ ஒரு மேட்டின் உச்சியில் மூச்சு விட்டு நிமிர்ந்தவுடனேயே அடுத்த மேடு கண்ணில் படும். ஜெர்ஸ் ஆற்றுக்கு மேலே குன்றின்மீது நிற்கும் லெக்தூரிலிருந்து, பயீஸ் ஆற்றங்கரையில் உள்ள கோந்தோமுக்கு, அவ்விதம் குறுக்காகத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் மாதத்தின் தொடக்கம். பூத்து முடிந்த சூரியகாந்திச் செடிகள் கறுத்த தலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சரிவு சரிவாக நின்றன; வெயிலோ ஆகஸ்டு மாதத்துக்குரியதாகவே இருந்தது. பாதை வழியில் இருந்த கிராமமொன்றை நான் அடைந்தபோது தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. அடித்துச் சற்று ஓய்ந்து, முதல் முறை கேளாதவர்களுக்காக என்பதுபோல், மறுபடியும் பன்னிரண்டு அடித்தது. அந்த மணியோசைக்குக் கட்டுப்பட்டவைபோல ரொட்டிக்கடை, தபாலாபீஸ், வீட்டு ஜன்னல்கள் யாவும் மூடிக்கொண்டன. பகல் போஜனத்துக்கு இந்த ஜனங்கள் செய்யும் மரியாதையை நான் மனமார மெச்சுகிறவன். ஆனால் இரண்டு குப்பிகளும் காலியாகி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட அந்த வேளையில் எனக்குக் கோபமே வந்தது. சதுக்கத்தில் நின்ற யுத்த ஞாபகத் தூணைத் தவிர என்னை எதிர்கொள்ள ஒருவருமில்லை. 1914-ல் தொடங்கிய யுத்தத்தில் மடிந்தவர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருந்தன. ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு தடவை அடுத்தடுத்து வந்தது.

அப்பொழுது அவ்வழியே சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் என் காலிக் குப்பிகளைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, ஊருக்கு வெளியே சரிவில் தெரிந்த சைப்ரஸ் மரங்களைச் சுட்டி, "அங்கே குழாய் இருக்கிறது, ஐயா, மரத்தைப் பார்த்தால் தண்ணீர் உண்டென்று அறிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிப் போனார். சைப்ரஸ் மரம் அந்நாட்டின் தென்பகுதியில் மயானத்தின் அடையாளம். தேவாலயத்துக்குள்ளும் நகர எல்லைக்குள்ளும் பிரேதங்களைப் புதைக்கலாகாது என்று நெப்போலியன் காலத்தில், 1804-ஆம் ஆண்டில், பிறந்த ஆணைக்குப் பிறகு எத்தனையோ ஊர்களின் மயானங்கள் இவ்விதம் ஊருக்கு வெளியே குடியேறின.

மயானத்துக்குப் போனவன் ஸ்நானம் செய்த பிறகே வீட்டு நிலைப்படியை மிதிக்க வேண்டும் என்ற ஆசாரத்தில் வளர்ந்தவன் நான். அங்குள்ள ஜலத்தை வாயில் விடுவது என்ற எண்ணமே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆயினும் முகத்தையாவது நனைத்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை மதிலோரம் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன். வெள்ளைச் சரளைக் கற்கள் பரப்பிய நடைபாதை. பளபளக்கும் கருங்கல் சமாதிகள். குழாயடியில் கொக்கிகளில் வரிசையாக மாட்டிய பச்சைப் பூவாளிகள். நான் தலையில் ஜலத்தை வாரி இறைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கையில் ஒரு பூவாளியுடன் மூதாட்டி ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம், ஐயா" என்று அழுத்திச் சொன்னாள். நான் பதில் வணக்கம் சொல்லும்வரை மேலே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சு மொழியில் என் தயக்கத்தின் காரணத்தைச் சொன்னதுதான் தாமதம், அவள் முகம் சிவந்துவிட்டது. "என் சமையலறைக்கு வருவதும் இதே தண்ணீர்தான். இதில் என்ன குறை கண்டீர்கள்?" என்று கேட்டு, உள்ளங்கையைக் குவித்து இரண்டு வாய் குடித்துக் காட்டினாள். அவளுக்குப் பின் நானும் குடித்தேன். குளிர்ந்த, சுவையான ஜலம்.

கோபம் தணிந்ததும் அவள் என்னை ஒரு சமாதியினருகே அழைத்துச் சென்றாள். கல்லில் கணவருடைய பெயரும், அவர் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் இருந்தன. அதற்குக் கீழே ஒரு ஸ்திரீயின் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு. அதன்பின் வெறும் கல். "அது நான்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கல்லின் அடியிலிருந்த செடிகளுக்கு நிதானமாகத் தண்ணீர் வார்த்தாள். தன் பெயர் பொறித்த சமாதிக்குத் தானே நீர் வார்க்கும் ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பேச நா எழவில்லை. அவளுக்கோ அது வீட்டுத் தோட்டத்து அலுவலைப்போல ஒரு காலை வேலை மதியம் வரை தாமதித்துப்போனதாகவே பட்டது.

"உங்கள் தகப்பனார் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டாள். தகனம் செய்து அஸ்தியைக் காவேரியில் கரைத்தோம் என்றேன். "நதி ஓடிப்போய்விடுமே! பிறகு எந்த இடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவீர்கள்?" என்றாள். அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம், தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லி இறைக்கிறோம் என்று விளக்கினேன். அவள் ஒப்பவில்லை. கல் இல்லாவிட்டால் பேரன் யாரைத் தேடி வருவான், பெயரை எவன் நினைவு வைத்திருப்பான் என்று, பூவாளியைக் கீழே வைத்துவிட்டு வாதாடினாள், நானும் விடவில்லை. வெயிலையும் பசியையும் மறந்து இருவரும் சமாதிகளின் நடுவே நின்று தர்க்கித்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று அவள் பேச்சை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்தின் பக்கம் திரும்பினாள். அவளுடைய பாட்டனார் 1916-ல் வெர்தூன் போர்முனையில் மாண்டவர், உடல் அகப்படவில்லை. அப்போர்க்களத்தில் இனம் தெரியாமற்போன சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் துவோமோன் என்னுமிடத்து அஸ்தி மண்டபத்தில் கலந்து கிடக்கின்றன. அவர்களுள் அவரும் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "அவருக்கு இங்கே கல் இல்லை. நவம்பர் 11-ஆம் தேதி ஊரார் தூணைச் சுற்றி நின்று பெயர்களைப் படிப்பார்கள். அவர் பெயரைப் படிக்கும்போது என் தாயாருக்காக நான் போய் நிற்கிறேன்" என்றாள். சற்று யோசித்து, "அங்கே ஒருவரும் தண்ணீர் விடுவதில்லை" என்றும் சொன்னாள். அதற்குமேல் அந்த வாதத்தை அவளும் தொடரவில்லை, நானும் தொடரவில்லை.

என் குப்பிகள் இரண்டையும் வாங்கி, தன் கையாலேயே கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தாள். கோந்தோம் போய்ச் சேரும் வரைக்கும் மேடு மேடாகவே இருக்கும், பாதையில் நிழல் கிடையாது என்று எச்சரித்தாள். நான் சைக்கிளில் ஏறும்வரை வாசலுக்கு வராமல் உள்ளேயே நின்றவள், நான் கிளம்பியதும் உரத்த குரலில் கூப்பிட்டாள்: "கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், ஐயா! மான்கள் வந்து ரோஜாவைத் தின்றுவிடும்!"