கட்டைவிரல் பக்கம்

திருச்சி தில்லைநகரில் எதிர்வீட்டு அக்காவின் சங்கிலியை பைக்கில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போனான். மறுவாரமே ஸ்ரீரங்கத்துத் தோழி என்னைக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துப் போனாள். காலை ஐந்தரை மணி. மணலில் சிலம்பம் பழகப் பதினைந்து பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள். யார் கையிலும் கம்பில்லை.

"கம்பு எப்ப குடுப்பீங்க வாத்தியாரே?"

"கால் நின்னப்புறம்மா. அடி வாங்காம நகரத் தெரிஞ்சாத்தானே அடிக்கிற பேச்சு."

எழுபதைத் தாண்டியவர். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்து, வேலை முடிந்த பொழுதுகளில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். முதுகு வளைந்துவிட்டது, பாதம் மட்டும் இன்னும் மணலைத் தேய்க்காமல் நகர்கிறது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் மணிக்கட்டை என்னைப் பிடிக்கச் சொன்னார். இறுக்கித்தான் பிடித்தேன். அவள் இழுக்கவில்லை. என் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருமிடத்துக்கு நேராகக் கையைத் திருப்பி, முழங்கையைத் தன் விலாவோடு ஒடுக்கினாள். பிடி கழன்றது. அதே மூச்சில் கூச்சல் போட்டபடி நாலடி தள்ளிப் போய்விட்டாள். "நாலு விரல் ஒரு பக்கம், ஒத்தை விரல் ஒரு பக்கம். ஒத்தை விரல் பக்கந்தான் வாசல். வெளிய வந்துட்டா நிக்கக் கூடாது, ஓடணும்" என்றார்.

கம்பு செய்வதை அவர் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். கணு நெருக்கமான, துளை சிறுத்த மூங்கில். கணுக்களைச் சீவிவிட்டு, கோணலான இடத்தைத் தணலில் காட்டினார். பச்சை வாசனை போய்க் கருகல் வாசனை வருவதற்குள் எடுத்து, முழங்காலில் வைத்து அழுத்தி, ஈரத்துணி சுற்றி ஆறவிட்டார். பிறகு ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். இன்னும் சரியாகவில்லை. மறுபடி தணல்.

இந்தக் கம்புக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து மருது சகோதரர்கள் விடுத்த அறிக்கை 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் இதே ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கக் கம்பெனி ஆணையிட்டது. வாளையும் வேலையும் பிடுங்கலாம், மாடு மேய்ப்பவன் கைக்கம்பை எப்படிப் பிடுங்குவது?

தற்காப்பு விஷயத்தில் சட்டமும் வாத்தியார் பக்கந்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்போடு. வாத்தியார் அதைத் தன் பாஷையில் சொன்னார்: "விழுந்தவன் மேல மறுபடி கம்பு எறங்கினா அது வம்பு."

தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது நல்ல காரியம். அதன் நிழலில் சான்றிதழ் வியாபாரிகளும் வளர்ந்துவிட்டார்கள். நுழைவுக் கட்டணம், பதக்கத்துக்குத் தனிக் காசு, கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கம்பு சுற்றினால் 'உலக சாதனை' என்று ஒரு தாள். கொடுப்பவர் பெற்றோர், வாங்குபவர் இடைத்தரகர். மணலில் கால் பழக்கியவருக்கு என்ன மிஞ்சுகிறது? மாதம் நானூறு ரூபாய் கேட்கவே இவர் கூசுகிறார். அந்தத் தாளைக் காட்டினால் சங்கிலி அறுப்பவன் திரும்பிப் போவானா? பெற்றோர்களே, பிள்ளைக்குக் காலடி வந்ததா என்று முதலில் கேளுங்கள்.

கிளம்பும்போது கம்புக்குப் பணம் நீட்டினேன். வாங்காமல், அதை என் முன் நிறுத்தி நெற்றியோடு அளந்தார்.

"ரெண்டு விரல் கூட இருக்கும்மா. உட்காரு, சீவித் தரேன்."