அது ஸ்கோப்புல இல்ல சார்

மாம்பழச்சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு வாசிக்கப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் பலகை பிடித்திருந்தன, இப்போது வீடு. ஒரே விலை, மேற்கொண்டு ஒரு பைசா கிடையாது, பெட்டியோடு வாருங்கள், பால் காய்ச்சுங்கள் என்கிற ரீதியில் போகும் வாசகங்கள். அம்மா மண்டபம் ரோடு, மேலூர் ரோடு, திருவானைக்கோவில், கொண்டையம்பேட்டை என்று ஸ்ரீரங்கம் தீவுக்குள்ளேயே இவை பெருகிவிட்டன. ஆற்றைத் தாண்டினால் வயலூர் ரோடு, கருமண்டபம். 2025-ல் புதுப் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து பஞ்சப்பூர்ப் பக்கம் பேச்செல்லாம் மனையும் வீடும்தான்.

சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகள் அப்படி ஒரு விளம்பரத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "மாமா, ஃபிக்ஸட் ப்ரைஸ்னு போட்டிருக்கான். அப்ப நாம ஒண்ணும் அலைய வேண்டாம்ல?" என்று கேட்டாள். அக்காவும் அத்தானும் வயதான காலத்தில் ரங்கநாதர் பக்கத்தில் இருக்கட்டும் என்பது அவள் திட்டம். அலைய வேண்டியது நான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் ஊரில் அரசு வீட்டு வசதிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டுக்குப் பதிவு செய்யும்போதே விலை முடிவாகிவிடுகிறது. சிமென்ட் ஏறினாலும் கம்பி ஏறினாலும் வாங்குகிறவருக்கு வலி இல்லை. ஆனால் அங்கேயும் தரை ஓடும் உள்கதவுகளும் விருப்பப்பட்டால் தனிக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற சமாச்சாரம். சாவி வாங்கிய கையோடு உள்வேலைக்கு வேறொரு கான்ட்ராக்டரைத் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். அவளுடைய ஆபீஸ் தோழி அப்படித்தான் அலைந்தாளாம். "அரசாங்கம் கட்டினதுக்கே அப்படின்னா, இங்கே எப்படி இருக்கும்னு நீயே யோசி" என்றேன்.

பல வருஷமாகப் பிறர் வீடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். கட்டட வேலையில் விலை ஓரிடத்தில் நின்றுவிட்டால் வேறொன்று நகர ஆரம்பிக்கும். ஒன்று சாமான் நகரும், இல்லாவிட்டால் தேதி நகரும். சிமென்டும் கம்பியும் கூலியும் வருஷம் பூராவும் ஒரே நிலையில் நிற்பதில்லை. அந்த ஏற்ற இறக்கத்தை யாராவது ஒருவர் தாங்கித்தானே ஆக வேண்டும்? நாம் தாங்கவில்லை என்றால் பில்டர் தாங்குகிறார். அவர் எதை வைத்துத் தாங்குகிறார் என்பதுதான் நாம் விசாரிக்க வேண்டிய சங்கதி.

ஆஸ்திரேலியாவில் நம்மவர்கள் நிறையப் பேர் மனையும் வீடுமாகச் சேர்த்து நிலையான விலைக்கு வாங்குகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு மரமும் இரும்பும் எகிறியபோது, பழைய விலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்த கம்பெனிகள் திணறின. 2023 மார்ச் கடைசியில் போர்ட்டர் டேவிஸ் என்ற பெரிய வீட்டு நிறுவனம் மூடப்பட்டு, விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலுமாகச் சுமார் 1,700 வீடுகள் பாதியில் நின்றன. வாங்கினவர்களுக்கு விலை ஒரு டாலர்கூட ஏறவில்லை, வீடுதான் வரவில்லை. ரொம்ப மலிவான நிலை விலையைப் பார்த்தால் எனக்கு இந்த 1,700 வீடுகள்தான் ஞாபகம் வருகின்றன.

நம் ஊரில் இதற்கு ஓரளவு வேலி இருக்கிறது. ரெரா என்று எல்லாரும் சொல்லும் 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்பவர் பதிவு செய்தாக வேண்டும். வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் போக வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ பழுது தெரிந்தால், சொன்ன 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தேதி தவறினால் வட்டி. ஒப்பந்தம் பத்திரத்தில் இருக்கிறதா, பதிவு எண் பலகையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வக்கீல் படிப்பு வேண்டாம்.

ஆனால் சொந்த மனையில் ஒரு கான்ட்ராக்டரை வைத்து சதுர அடி இவ்வளவு என்று கட்டுகிறவருக்கு ரெரா பெரிதாகக் கை கொடுக்காது. வீடு கட்டித் தருவதும் 2019 நுகர்வோர் சட்டத்தில் சேவைதான் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே போய் நிற்கிறபோது கையில் என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்பார்கள். பெரும்பாலோரிடம் இருப்பது ஒரு விசிட்டிங் கார்டும் அதன் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய ஒரு தொகையும்.

சதுர அடிக் கணக்கு ஹோட்டல் அளவுச் சாப்பாடு மாதிரி. இலையில் வைத்தது விலைக்குள் அடங்கும், கூட்டை மறுபடி கேட்டால் தனி பில். போர்ட்டிகோவை முழு அளவா பாதி அளவா எப்படிக் கணக்கிடுகிறார்கள், மாடிப்படி ஹெட்ரூம் உண்டா, சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் லிட்டர் கணக்கில் தனியா, காம்பவுண்டு சுவர் ரன்னிங் அடிக்கு எவ்வளவு, போர் யார் செலவு, தற்காலிக ஈ.பி. சர்வீஸ் யார் பெயரில், ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா? இவ்வளவையும் கேட்டுவிட்டால் கான்ட்ராக்டர் முகத்தில் ஒரு மரியாதை தெரியும். கொஞ்சம் சலிப்பும் தெரியும். பொருட்படுத்தக்கூடாது.

இதில் ஸ்ரீரங்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தரைக்குக் கீழே இருப்பது. நேற்றுவரை வாழையும் நெல்லும் நின்ற இடம் இன்று மனை. ஒரு மூலையில் மணல் வரும், இன்னொரு மூலையில் களி வரும். கொண்டையம்பேட்டையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் 'முழு கான்ட்ராக்ட்' என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தில் ஐந்தடி ஆழ அஸ்திவாரம் என்று ஒரு வரி இருந்தது. தோண்டிப் பார்த்தால் ஐந்தடியில் கெட்டித் தரையே கிடைக்கவில்லை. மேற்கொண்டு போன ஒவ்வோர் அடியும் எக்ஸ்ட்ரா. வீடு ஒரு செங்கல்கூட எழும்பாத நிலையில், விலை ஒரு மாடி ஏறிவிட்டது. மனை வாங்கிய கையோடு மண் பரிசோதனைக்கு ஒரு சிறு தொகை செலவழித்திருந்தால் அந்த வரியைக் கையெழுத்துக்கு முன்னாலேயே பேசியிருக்கலாம். அக்கரையில் மலைக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குக் கவலை நேர்மாறு, அங்கே எத்தனையாவது அடியில் பாறை என்பது பேச்சு.

அடுத்தது பேஸ்மென்ட் உயரம். ஒப்பந்தங்களில் இரண்டடி, மூன்றடி என்று எழுதுவார்கள். எதிலிருந்து மூன்றடி என்று எழுத மாட்டார்கள். பழைய தெருக்களில் நடந்து பாருங்கள், ஒரு காலத்தில் ஏறிப் போன திண்ணை வீடுகளுக்கு இன்று படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்ததுதான் காரணம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். எல்லாத் தெருவிலும் அப்படி நடக்கிறதா என்று அந்தந்தத் தெருக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். 2005 நவம்பரில் திருச்சியில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த யாரும் பேஸ்மென்ட் விஷயத்தில் சிக்கனம் பேச மாட்டார்கள். மனைக்குப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் அந்த வருஷம் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார். அந்த அளவை எந்த விளம்பரக் கையேடும் தராது.

தேதி விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு கட்டடம் தாமதமாகிறது என்று கோபப்பட எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சம். தெற்கு ராஜகோபுரம் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கி, அடித்தளத்தோடு மொட்டையாக நின்று, நானூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் கையில் எடுத்து, 13 நிலைகளும் 236 அடியுமாக முடித்து, குடமுழுக்கு நடந்தது 1987 மார்ச் 25-ல். அதற்கு யாரும் நிலையான விலையும் பேசவில்லை, தை மாசம் சாவி என்று வாக்கும் கொடுக்கவில்லை.

நம் பில்டர் கொடுக்கிறார். நம்மைப் பிடித்துவைத்திருப்பது பில்டர் மட்டுமல்ல, பஞ்சாங்கமும்தான். ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, தையை விட்டால் நட்சத்திரம் ஒத்துவரவில்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அதனால் கதவுக்குப் பாலிஷ் இல்லை, பாத்ரூமுக்கு ஷவர் இல்லை, லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் பலகை அடித்திருக்கிறது என்றாலும் பசுவும் கன்றும் உள்ளே போய்விடும், பாலும் பொங்கிவிடும். அன்றைய சந்தோஷத்தில் கடைசித் தவணையையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மறுநாளிலிருந்து பெயின்டர் போனை எடுக்க மாட்டார். நான் அக்கா மகளிடம் கண்டிப்பாகச் சொன்ன ஒரே விஷயம் இதுதான். "பால் காய்ச்சற தேதியும் பணம் செட்டில் பண்ற தேதியும் ஒண்ணா இருக்கக்கூடாது." ஒப்பந்தத்திலேயே கடைசி ஐந்து சதவீதத்தைக் குறைகள் தீர்ந்த பிறகு என்று எழுதச் சொன்னோம். பில்டர் ஆபீஸில் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு எழுதிக்கொடுத்தார்கள்.

சாவிக்கு முன்னால் நான் ஃபிளாட்டைப் பார்க்கப் போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் மக்கும் ஒரு ரூபாய் நாணயமும். பாத்ரூமின் நான்கு மூலையிலும் தண்ணீரை ஊற்றிவிட்டு வாசலில் குந்தி உட்கார்ந்தேன். மூன்று மூலைத் தண்ணீர் ஜாலியைத் தேடிப் போயிற்று. நாலாவது மூலையில் ஊற்றியது ஒரு கணம் யோசித்து, நிதானமாக என் செருப்பை நோக்கி வந்தது. ஹாலில் டைல்ஸ் டைல்ஸாக நாணயத்தால் தட்டினேன். ஒழுங்காக உட்கார்ந்த ஓடு கட்டையாக ஒலிக்கும், அடியில் கலவை நிரம்பாதது வெற்று டப்பா மாதிரி ஒலிக்கும். பால்கனி ஓரத்தில் ஒரு வரிசையே டப்பா. வெள்ளைச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன்.

கூட வந்த சைட் சூப்பர்வைசர் சின்னப் பையன், பணிவானவன். டைல்ஸையும் சரிவையும் குறித்துக்கொண்டான். மற்றதற்கெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. சமையலறையில் கிரைண்டருக்குப் பிளக் பாயிண்ட் எங்கே? "அது ஸ்கோப்புல இல்ல சார்." இன்வெர்ட்டர் ஒயரிங்? ஸ்கோப்பில் இல்லை. வாஷிங் மெஷின் குழாய், கொசுவலை ஜன்னல், துணி காயப்போடக் கொக்கி, எதுவும் இல்லை. பால்கனிக்கு கிரில்? "எலிவேஷன் கெட்டுடும் சார்." ஸ்ரீரங்கத்துக் குரங்குகளுக்கு எலிவேஷன் தெரியாது தம்பி என்றேன். சிரித்தான், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

அவன் மேல் தப்பில்லை. ஒப்பந்தத்தின் கடைசியில் இணைத்திருந்த ஸ்பெசிஃபிகேஷன் தாளில் இவை எதுவும் கிடையாது. விலை இவ்வளவு என்று முடிவான நாளிலேயே நாம் அந்த வீட்டில் எத்தனை இட்லிக்கு மாவு அரைப்போம் என்பதும் யாரோ ஒருவரால் முடிவாகிவிட்டது. அந்தத் தாளில் 'தரமான', 'முன்னணி பிராண்டு', 'அதற்கு இணையான' என்று வருமிடங்களில்தான் சாமான் நகரும். டைல்ஸ் என்றால் சதுர அடிக்கு எவ்வளவு ரூபாய் வரை, கதவு என்றால் எந்த மரம், ஒயர் என்றால் எந்தக் கம்பெனி என்று எழுத்தில் இருந்தால் நகர இடம் குறைவு. பரப்பளவும் அப்படித்தான். வெளிச்சுவரையும் படிக்கட்டில் நம் பங்கையும் கூட்டிச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் எண்ணைப் பார்த்து மயங்காமல், பால்கனியையும் வெளிச்சுவரையும் கழித்த கார்ப்பெட் ஏரியாவைக் கேட்க வேண்டும். பத்திரத்தில் பிரிபடாத மனைப் பாகம் எத்தனை சதுர அடி என்று அதையும் கேட்க வேண்டும். கட்டடம் பழசாகும், நிலத்தில் உள்ள பாகம்தான் பின்னால் பேசும்.

டப்பா டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார்கள். பாத்ரூம் மூலையையும் உடைத்துச் சரிவு கொடுத்தார்கள். நிறுத்திவைத்த ஐந்து சதவீதம் இல்லாவிட்டால் இவ்வளவு வேகம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஐப்பசியில் பெய்த முதல் பெருமழைக்கு வடக்குச் சுவரில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. அத்தான் அதைத் தேதியோடு போட்டோ எடுத்து மெயில் அனுப்பினார். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்காவுக்கு வீடு பிடித்துவிட்டது. குடிபோன மாசமே சமையலறை லாஃப்ட்டில் அவள் அண்டா நுழையவில்லை என்று தெரிந்ததும், தெற்கு வாசல் பக்கமிருந்து ஓர் ஆசாரியை அழைத்து வந்து பலகையை அறுக்கச் சொல்லிவிட்டாள். கையோடு பூஜை அலமாரிக்கும் இரண்டு தட்டு, கிரைண்டருக்கு ஒரு மேடை. அத்தான் இப்போது நிலை விலைக்குப் பழகிப்போன மனிதர். எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். ஆசாரி பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "என்னங்கய்யா இது, நமக்குள்ள எழுத்தெல்லாம்? பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றார்.