30 மைல் புழுதி

அமெரிக்கா என்றால் வழவழவென்று தார் ரோடுதான் என்று நினைக்கிறீர்களா, சகோதரிகளே? யூடா மாகாணத்தில் ஹார்ஸ்ஷூ கான்யனுக்குப் போய்ப் பாருங்கள்! 24-ம் நம்பர் ரஸ்தாவை விட்டு இறங்கினால் சுமார் 30 மைல் மண் பாதை. குடிதண்ணீர்கூடக் கிடையாது. மழை பெய்தால் பாதையே சேறாகிவிடும்.

ஜீப்பை ஓட்டியவள் என் பெண். "இடிச் சத்தம் கேட்டால் உடனே திரும்பிவிட வேண்டும், அம்மா" என்று நிபந்தனை போட்டாள்.

அப்புறம் நடை, 750 அடி இறக்கம், போக வர 7 மைல். என் முழங்கால் புராணம் உங்களுக்கு எதற்கு?

பாறைச் சுவரில் ஆளுயரச் செங்காவி உருவங்கள் வரிசையாக நின்றன. பலவற்றுக்குக் கையுமில்லை, காலுமில்லை! கி.பி. 1-க்கும் 1100-க்கும் இடையே தீட்டியவை என்று 2014-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. நம் வீட்டுச் சுவரில் அடிக்கிற காவி மாதிரியேதான் இருந்தது. ஆனால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே வர்ணத்தைக் கெடுத்துவிடுமாம். புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் பார்த்திருப்பேன். எங்கோ இடி உறுமியது. பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, கிளம்படி" என்றேன்.

ஜீப் தார் ரோட்டில் ஏறிய பிறகுதான் மழை பிடித்துக்கொண்டது.