காணாமற்போன காசு

நாம் பாடம் படிக்கிறோம், பரிசும் வாங்குகிறோம். ஆனால் படித்த பாடமே ஒருநாள் எழுந்து நின்று நம்மைக் கேள்வி கேட்டால் எப்படியிருக்கும்? இந்த ஆண்டு எனக்கு அப்படியோர் அனுபவம் நேர்ந்தது. அதை என் அன்புத் தோழியரோடும், அருட்சகோதரிகளோடும், பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விவிலிய வினாடி வினாவுக்கு லூக்கா நற்செய்தியின் 24 அதிகாரங்களும் பாடமாக வைக்கப்பட்டிருந்தன. ஆறாம் வகுப்புத் தங்கைகளைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைச் சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்தார்கள். "நீதான் கணிப்பொறியில் கெட்டிக்காரி ஆயிற்றே! ஏதாவது புதுமுறையில் சொல்லிக்கொடேன்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆன்கி என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு முதல் மாணவர் பலர் அதைப் பயன்படுத்தி வருகிறார்கள். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. மறந்துபோன அட்டை விரைவில் திரும்ப வரும். மனத்தில் பதிந்த அட்டை பல நாள் கழித்தே வரும். கணிப்பொறியில் தயாரித்த அட்டைகளைக் கைப்பேசிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

அட்டைகளுக்கு நல்ல குறிப்புகள் வேண்டுமே! அன்ஃபோல்டிங்வேர்ட் என்னும் அமைப்பு, விவிலியத்தை மொழிபெயர்ப்போருக்கு உதவியாக ஆங்கிலத்தில் வசனவாரியாகக் குறிப்புகள் எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. லூக்காவுக்குரிய கோப்பை இறக்கினேன். நம் கணக்குப் பாடத்து அணிகளைப் போல அதில் நிரைகளும் நிரல்களும் இருந்தன. வசன எண், அடையாளக் குறி, மூலமொழிச் சொல், குறிப்பு என்று மொத்தம் 7 நிரல்கள். எனக்குத் தேவையான குறிப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தமிழாக்கினேன். வீட்டிலிருந்த 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டு, பெயர்களை நம் வழக்கப்படி மாற்றினேன். அந்த அமைப்பினரின் விவிலியத்தில் 66 நூல்கள். நம் விவிலியத்தில் 73. தோபித்து, சீராக் போன்ற நூல்களுக்கு அங்கே குறிப்பு கிடையாது. நல்லவேளை, லூக்கா எல்லாருக்கும் பொது!

முதல்முறை மென்பொருளில் ஏற்றியபோது தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. அழுகையே வந்துவிட்டது. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும் என்று பிறகு அறிந்தேன். இரண்டாம் முறை எழுத்து வந்தது. ஆனால் அட்டைகள் குறைந்துவிட்டன. முதல் நிரலில் நான் வசன எண்ணை வைத்திருந்தேன். ஒரே வசனத்துக்கு மூன்று நான்கு குறிப்புகள் இருக்க, ஆன்கி அவற்றை ஒரே அட்டையென்று எண்ணிக்கொண்டது. ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாக உள்ள நான்கு எழுத்து அடையாளக் குறியை முதல் நிரலில் வைத்ததும் அட்டைகள் அனைத்தும் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

தங்கைகள் அதை விளையாட்டாகவே படித்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி, "அக்கா, இதெல்லாம் நீங்களே யோசிச்சு எழுதினீங்களா?" என்று கண்கள் விரியக் கேட்டாள். சிஸ்டரும் அருகில் நின்றார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலைச் செபக் கூட்டத்தில் சிஸ்டர் என் உழைப்பைப் பாராட்டினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் இனித்தது.

அந்த வாரக் கடைசியில், அட்டைகளை வேறு பள்ளித் தோழிக்கும் அனுப்பலாமா என்று அறிய, கோப்போடு வந்த உரிமப் பக்கத்தைத் திறந்தேன். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். 2013ஆம் ஆண்டு வெளியான நான்காம் பதிப்பு. படி எடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், காசு தர வேண்டியதில்லை. ஆனால் ஆக்கியவர் இன்னார் என்று சொல்ல வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் இதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் இலவசமாகத் தந்தவர்கள் கேட்டது இவ்வளவுதான். அதையும் நான் கொடுக்கவில்லை.

அன்றிரவு வழக்கம்போல் ஆன்கியைத் திறந்தேன். பதினைந்தாம் அதிகாரம் வந்தது. பத்துக் காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிய உவமை. அந்தக் காசு ஏறத்தாழ ஒருநாள் கூலி என்று அட்டையில் நானே எழுதியிருந்தேன். பிறருடைய எத்தனை நாள் கூலியை நான் என் பையில் போட்டுக்கொண்டேன் என்று நினைத்தபோது உறக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர்கள் கோபிக்கவில்லை. சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மொழிபெயர்த்த உழைப்பு உன்னுடையதுதானே? அதைச் சொல்லியிருந்தாலே போதுமே, அம்மா. தங்கைகளிடம் நீயே சொல்லிவிடு" என்றார்கள். குறிப்புகளைத் தாமும் ஒருமுறை படித்துப் பார்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலை ஆறாம் வகுப்பில் நின்று உண்மையைச் சொன்னேன். கால்கள் நடுங்கின. முன்பு கேள்வி கேட்ட அதே தங்கை, "அப்போ இங்கிலீஷ்ல இருந்து தமிழ்ல மாத்துறது எங்களுக்கும் சொல்லித் தருவீங்களா, அக்கா?" என்றாள். இப்போது எங்கள் அட்டை ஒவ்வொன்றின் அடியிலும் மூலக் குறிப்பை எழுதிய அமைப்பின் பெயர், தமிழாக்கமும் மாற்றமும் என்னுடையவை என்ற விவரம், உரிமத்தின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. வேண்டுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

தோழியரே, இலவசமாகக் கிடைப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதன் பெயர் நன்றி. அதை மறவாதிருக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி