தாத்தாவின் துப்பாக்கியும் நான் போட்ட பாலிஷும்

போன வாரம் ஹாஸ்டலில் பேச்சுவாக்கில் "எங்க தாத்தாகிட்ட துப்பாக்கி இருந்துச்சு" என்று உளறிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குப் பெயரே 'ஜமீன்தார்' ஆகிவிட்டது. நண்பர்களே, ஜமீனும் இல்லை, ஒன்றும் இல்லை. முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம். காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் தாத்தாவின் அப்பா வாங்கியது அந்த 12 போர் இரட்டைக்குழல். முறையான லைசென்ஸ் உண்டு. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்த பிறகு வாங்கி வருவார் தாத்தா. அவர் சுட்டதெல்லாம் வானத்தைப் பார்த்துத்தான். சத்தத்துக்கே பன்றி ஓடிவிடுமாம்.

இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று செதுக்கியிருக்கும். ஆமாம், மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கிறதே, அதே கடிகாரக் கடைதான். "நம்ம மெட்ராஸ்ல செஞ்சதுடா" என்பது தாத்தாவின் பெருமை.

தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டதால் இந்த வருடம் விற்றுவிட முடிவானது. தங்கையின் நர்சிங் ஃபீஸுக்கு ஆகும் என்று அப்பா கணக்குப் போட்டார். மதுரையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு மூன்று பேரும் போனோம்.

கடைக்காரர் மேலே எழுதியிருந்த பெயரைக் கண்டுகொள்ளவே இல்லை. துப்பாக்கியைக் கழற்றிக் குழலைக் கவிழ்த்தார். அடிப்பக்கம் குட்டிக் குட்டி முத்திரைகள். கிரீடத்துக்குக் கீழே 'என்.பி.' என்று இருந்ததைக் காட்டி, "இது பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரை. புகையில்லா மருந்துக்கு 1904க்கு அப்புறம் வந்தது" என்றார். அதாவது இங்கிலாந்தில் செய்தது, மெட்ராஸ் கடை தன் பெயரைப் போட்டு விற்றிருக்கிறது. அந்தக் காலத்தில் அது சாதாரண வழக்கமாம். தாத்தா முகம் லேசாகச் சுருங்கியது.

இன்னொரு முத்திரை '13/1'. சோதனையின்போது குழலின் உள்விட்டம் .719 அங்குலம் என்று அர்த்தம். கருவியை விட்டு அளந்தார், .722 காட்டியது. "உள்ளே யாரும் குடையலை, நல்லது." குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் ஒரே நம்பர். அதாவது எதுவும் மாற்றிப் பூட்டியதில்லை. குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரலால் சுண்டினார், கோயில் மணி மாதிரி ரீங்காரம். நடுப்பட்டையின் பற்று விட்டிருந்தால் சத்தம் சொத்தென்று வருமாம். அப்பா முகத்தில் ஃபீஸ் கட்டிய ரசீதே தெரிந்தது!

பிறகு உடலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரு தேச்சது?" என்றார்.

நான்தான்.

ஒன்பதாவது படிக்கும்போது, ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அரிவாள், மண்வெட்டியோடு துப்பாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அழுக்காக இருக்கிறதே என்று உப்புத்தாளால் தேய்த்து, பிராஸோ போட்டு எவர்சில்வர் குடம் மாதிரி ஆக்கிவிட்டேன். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் திட்டவில்லை. முன்கட்டை பொருந்தும் இடத்தைக் காட்டினார். அங்கே இரும்பில் நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் கலந்து மயில் கழுத்து போல ஒரு நிறம். "கரியோட சேர்த்துச் சுட்டு, தண்ணியில முக்கி எடுக்கிறப்ப வர்ற கலர் தம்பி. முழுசும் இப்படித்தான் இருந்திருக்கும். அது தேய்மானத்துல மங்குனா தப்பில்லை, அது வயசு. தேச்சு எடுத்தா திரும்ப வராது. புதுசா ஏத்தினாலும் சேகரிக்கிறவங்க ஒரிஜினல்னு எடுத்துக்க மாட்டாங்க." செதுக்கிய பூவேலையின் விளிம்புகளும் மழுங்கிவிட்டன.

அவர் சொன்ன விலை நாங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கிவிட்டதால் அப்பா சரி என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "அன்னைக்கே தடுத்திருக்கலாம்ல தாத்தா?"

"விலை போகும்னு எனக்கென்ன தெரியும். கலர் போறது தெரிஞ்சுச்சு. நீ வேர்க்க விறுவிறுக்கத் தேச்சுக்கிட்டு இருந்தே, என்னத்தச் சொல்ல" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கடிகாரமோ, பித்தளைச் சாமானோ இருக்கும். அழுக்கு என்று நீங்கள் நினைப்பது அதன் வயதாக இருக்கலாம். மெல்லிய துணியால் துடையுங்கள், போதும். உப்புத்தாளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

மீதிப் பணத்துக்கு அப்பா கடன் வாங்கினார். முதல் சம்பளத்தில் நான்தான் அடைக்க வேண்டும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.